கினிப்பன்றி நகப் பராமரிப்பு

கினிப்பன்றி நகப் பராமரிப்பு என்பது வீடுகளில் செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் கினிப்பன்றியின் நகங்களை உரிய கால இடைவெளியில் வெட்டிச் சீராக வைத்திருப்பதைக் குறிக்கும். கினிப்பன்றியின் நகங்கள் அதன் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கூண்டின் மென்மையான தரையில் அவை போதிய அளவு தேய்வதில்லை. ஆகவே பெரும்பாலான கினிப்பன்றிகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நகம் வெட்ட வேண்டியுள்ளது. வெட்டாமல் விடப்பட்ட நகம் வளைந்து, விலங்கின் நடையை மாற்றி, சில வேளைகளில் உள்ளங்காலில் குத்தி இறங்கும். இது குணப்படுத்தக் கடினமான பாத அழற்சிக்கு இட்டுச் செல்லக்கூடும். அளவுக்கு மீறி வெட்டினாலோ நகத்தினுள் இருக்கும் உயிர்ச்சதை அறுபட்டுக் குருதி கசியும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியைச் சரியாக அறிந்துகொள்வதே இப்பணியில் முதன்மையானது ஆகும்.

விலங்கு பற்றி

கினிப்பன்றி தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரு கொறிணி ஆகும். இதன் அறிவியற் பெயர் கேவியா போர்செல்லஸ். தமிழில் சீமைப் பெருச்சாளி என்றும் அழைக்கப்படுவதுண்டு. பெயரில் கினியும் பன்றியும் இருந்தாலும் இவ்விலங்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டைச் சேர்ந்ததும் அன்று, பன்றி இனத்தைச் சேர்ந்ததும் அன்று. சீமைப் பெருச்சாளி என்ற பெயரும் இவ்வகையில் அத்தனை பொருத்தமானதன்று. பெருச்சாளிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது.

ஆண்டீஸ் மலைப்பகுதி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனை உணவுக்காகப் பழக்கி வளர்த்தனர். 16 ஆம் நூற்றாண்டில் இது ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர் 1554 இல் இதனைப் பற்றி எழுதியுள்ளார்.

வளர்ந்த கினிப்பன்றி ஏறத்தாழ 700 முதல் 1200 கிராம் வரை எடை கொண்டது. நன்கு பராமரிக்கப்படும் விலங்குகள் பொதுவாக ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழ்கின்றன. முன்கால் ஒவ்வொன்றிலும் நான்கு விரல்களும் பின்கால் ஒவ்வொன்றிலும் மூன்று விரல்களும் உள்ளன. எனவே மொத்தம் 14 நகங்கள். சில விலங்குகளில் பின்காலில் கூடுதலாக ஒரு சிறுவிரல் காணப்படுவதுண்டு. அமெரிக்க மரபியலாளர் சிவால் ரைட் கினிப்பன்றிகளின் இக்கூடுதல் விரலை விரிவாக ஆராய்ந்து 1934 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மரபியலில் புகழ்பெற்ற இவ்விரல் நகப் பராமரிப்பில் தொல்லை தருவது. இது பெரும்பாலும் தரையைத் தொடாததால் இதன் நகம் சிறிதும் தேயாமல் வட்டமாகச் சுருண்டு வளர்கிறது. உரோமத்துக்குள் மறைந்திருப்பதால் கண்ணிலும் எளிதில் படாது. புதிதாக வாங்கிய கினிப்பன்றியின் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

நகம் தேயாததன் காரணம்

காட்டுக் கேவியாக்கள் புல்வெளிகளிலும் கரடுமுரடான நிலத்திலும் நாள்தோறும் ஓடித் திரிவதால் அவற்றின் நகங்கள் வளரும் வேகத்திலேயே தேய்ந்தும் விடுகின்றன. ஆண்டீஸ் பகுதி வீடுகளில் கினிப்பன்றிகளைச் சமையலறைத் தரையில் அவிழ்த்துவிட்டு வளர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அங்கே தரையும் கடினமானது. உணவுக்கான விலங்கு நீண்ட காலம் வாழ்வதும் இல்லை. செல்லப்பிராணியின் நிலை இதற்கு நேர்மாறானது. மரச்சீவலோ துணி விரிப்போ பரப்பிய கூண்டில் அது பல ஆண்டுகள் வாழ்கிறது. ஆகவே நீண்ட நகம் என்பது இவ்விலங்கின் இயல்பான குறைபாடு அன்று. அது வளர்க்கப்படும் முறையின் விளைவு.

அப்படியானால் கூண்டின் தரையையே சொரசொரப்பாக்கிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. உப்புத்தாள் விரித்தல், கம்பிவலைத் தரை அமைத்தல் போன்ற வழிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை தவிர்க்கப்பட வேண்டியவை. கினிப்பன்றியின் உள்ளங்காலில் உரோமம் கிடையாது. வெறும் மெல்லிய தோல் மட்டுமே. நகத்தைத் தேய்க்கும் அளவுக்குச் சொரசொரப்பான பரப்பு அத்தோலையும் சேர்த்தே தேய்த்துவிடும். கம்பிவலையில் விரலோ நகமோ சிக்கி முறிவதும் உண்டு. உணவுக் கிண்ணத்தின் அடியில் ஒரு தட்டையான ஓடு அல்லது செங்கல் வைப்பதில் தீங்கில்லை. அதன்மீது ஏறி நிற்கும்போது முன்கால் நகங்கள் சற்றுத் தேயலாம். ஆயினும் அது நகம் வெட்டுவதற்கு மாற்றாகாது.

நகத்தின் அமைப்பு

நகத்தின் வெளிப்பகுதி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இதில் நரம்போ குருதிக்குழாயோ இல்லை, வெட்டினால் வலிக்காது. இவ்வுறையின் உள்ளே, விரல் எலும்பின் நுனியைத் தொடர்ந்து குருதிக்குழாய்களும் நரம்புகளும் கொண்ட மென்மையான திசு அமைந்துள்ளது. இதுவே இக்கட்டுரையில் உயிர்ச்சதை எனப்படுகிறது. மனித நகத்தில் இச்சதை நகத்துக்கு அடியில் படுக்கையாக இருக்கிறது. கினிப்பன்றியிலோ நகம் ஒரு கூம்பைப் போலச் சதையைச் சூழ்ந்திருக்கிறது. மனிதர்கள் தம் நகத்தை வெட்டும் பழக்கத்தில் கினிப்பன்றியின் நகத்தை அடிவரை ஒட்ட வெட்ட முற்பட்டால் குருதி வருவது இதனாலேயே.

வெளிர்நிற நகங்களில் உயிர்ச்சதை இளஞ்சிவப்பு நிறத்தில் வெளியே தெரியும். அதன் முனையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுதல் பாதுகாப்பானது. கருநிற நகங்களில் சதை தெரிவதில்லை. நகத்தின் பின்புறமிருந்து ஒரு சிறு டார்ச் விளக்கின் ஒளியைப் பாய்ச்சினால் சதை இருக்கும் பகுதி இருண்டும் வெறும் நகப்பகுதி சற்று ஒளி ஊடுருவியும் தோன்றும். பல கினிப்பன்றிகளில் ஒரு பாதத்தில் வெளிர்நிற நகமும் மறு பாதத்தில் கருநிற நகமும் அமைந்திருக்கும். அவ்வாறு இருப்பின் முதலில் வெளிர்நிற நகத்தில் சதையின் நீளத்தைப் பார்த்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் அதே விரலின் கருநிற நகத்துக்கு அதனை அளவாகக் கொள்ளலாம். இரண்டும் துல்லியமாக ஒத்திருக்கும் என்று சொல்ல முடியாவிட்டாலும், வெறும் ஊகத்தை விட இது மேலானது. எதுவும் தெளிவாகத் தெரியாதபோது வளைந்த நுனியை மட்டும் வெட்டி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உயிர்ச்சதைக்கு மற்றுமொரு பண்பு உண்டு. நகம் நீண்டால் சதையும் அதனுள் சேர்ந்து நீள்கிறது. நகத்தைச் சிறிது சிறிதாக அடிக்கடி வெட்டிவந்தால் சதை மெல்லப் பின்வாங்குகிறது. மாதந்தோறும் வெட்டப்படும் நகத்தில் சதை குட்டையாகவும், வெட்டுவதற்கு இடம் தாராளமாகவும் இருக்கும். ஓராண்டு கவனிக்கப்படாத நகத்தில் சதை நுனிக்கு அருகில் வந்துவிட்டிருக்கும். அஞ்சி அஞ்சித் தள்ளிப்போடுவோருக்கு வேலை ஒவ்வொரு மாதமும் கடினமாகிக்கொண்டே போவது இதனால்தான்.

வெட்டும் முறை

கருவியைப் பொறுத்தவரை கூர்மையே முக்கியம். பூனை நகங்களுக்கென விற்கப்படும் சிறு கத்தரிக்கோல் போன்ற வெட்டி இதற்கு ஏற்றது. மனிதர் பயன்படுத்தும் சாதாரண நகவெட்டியும் இளம் விலங்குகளுக்குப் போதுமானது. மழுங்கிய கருவி நகத்தை வெட்டுவதற்குப் பதிலாக நசுக்கிப் பிளந்துவிடும்.

கருவியை விடக் கடினமானது விலங்கைப் பிடிப்பது. கினிப்பன்றி இயற்கையில் பிற விலங்குகளுக்கு இரையாவது. மேலிருந்து இறங்கும் கை அதற்கு ஒரு பருந்தாகவே தோன்றக்கூடும். எனவே பக்கவாட்டிலிருந்து, தாழ்வாகக் கையை நீட்ட வேண்டும். ஒரு கை முன்கால்களுக்குப் பின்னால் மார்பைத் தாங்கவும், மறுகை பின்பகுதியின் முழு எடையையும் தாங்கவும் வேண்டும். பின்பகுதி தொங்கும்படி தூக்குதல் கூடாது. கினிப்பன்றியின் கால்கள் குட்டையானவை; உயரத்திலிருந்து குதித்துப் பழகிய விலங்கு அன்று. மேசையிலிருந்து விழுந்து எலும்பு முறிவதும் உண்டு. ஆகவே நகம் வெட்டுவதற்குத் தரையில் அமர்ந்து, மடியில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் விலங்கை இருத்திக்கொள்வதே நல்லது. திமிறும் விலங்கைத் துண்டில் சுற்றி ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து வெட்டலாம். துண்டை இறுக்கிச் சுற்றக்கூடாது; மார்பு விரிந்து சுருங்க இடம் வேண்டும்.

மல்லாக்கப் படுக்கவைத்து வெட்டுவோர் உள்ளனர். அந்நிலையில் விலங்கு அசையாதிருப்பதால் வேலை எளிதாகத் தோன்றும். ஆயினும் கினிப்பன்றி அச்சத்தின்போது உறைந்து நிற்கும் இயல்புடையது. அசையாதிருப்பதை அமைதி எனக் கொள்வது தவறாகும். மேலும் இதன் குருட்டுக்குடல் மிகப் பெரியது. மல்லாந்த நிலையில் வயிற்றின் எடை உதரவிதானத்தின்மீது சாய்ந்து மூச்சுவிடுதலைக் கடினமாக்கும். மடியில் இயல்பாக அமர்ந்த நிலையிலோ, விலங்கின் முதுகை ஒருவர் தம் மார்போடு சாய்த்துப் பிடித்த நிலையிலோ வெட்டுவதே விரும்பத்தக்கது. இருவர் இருந்தால் ஒருவர் பிடிக்க மற்றவர் வெட்டலாம். வாய்க்கு அருகில் ஒரு துண்டு குடைமிளகாயோ கொத்தமல்லித் தழையோ இருந்தால் பல விலங்குகள் தின்பதிலேயே கவனமாக இருந்துவிடும்.

வெட்டும்போது விரலை அடியில் மெல்லப் பிடித்து, உரோமத்தை ஒதுக்கி, நகத்தின் நுனியை மட்டும் ஒரே வெட்டில் துண்டிக்க வேண்டும். நகத்தைப் பக்கவாட்டில் இழுப்பதோ திருகுவதோ கூடாது. வெட்டும் முன் கருவியை நகத்தின்மீது வைத்து இலேசாக அழுத்திப் பார்க்கும் ஒரு வழக்கம் உண்டு. விலங்கு காலை வெடுக்கென இழுத்துக்கொண்டால் கருவி சதைக்கு அருகில் இருக்கிறது என்று பொருள் கொண்டு சற்று முன்னே நகர்த்துவர். கருநிற நகங்களுக்கு இது பயனுள்ள முறை. ஆனால் எதற்கெடுத்தாலும் காலை இழுக்கும் விலங்கிடம் இதனால் ஒன்றும் தெரியவராது.

பதினான்கு நகங்களையும் ஒரே அமர்வில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை. ஒரு நாளுக்கு ஒரு கால் வீதம் நான்கு நாட்களில் முடிப்பதும் முறையானதே. கினிப்பன்றி கூட்டமாக வாழும் விலங்கு. 2008 ஆம் ஆண்டின் சுவிட்சர்லாந்து விலங்குப் பாதுகாப்பு ஆணை இதனைத் தனியாக வளர்ப்பதை அனுமதிப்பதில்லை. பழகிய துணை அருகில் இருக்கும்போது இதன் அச்சம் குறைகிறது. எனவே நகம் வெட்டும்போது துணை விலங்கையும் கண்ணில் படும்படி அருகில் வைத்துக்கொள்ளலாம்.

குட்டிகள் உரோமமும் திறந்த கண்களும் நகங்களும் உடையனவாகவே பிறக்கின்றன. முதல் சில மாதங்களில் நகம் மெல்லியதாக இருப்பதால் வெட்டத் தேவை குறைவு. ஆயினும் அக்காலத்திலேயே பாதங்களைத் தொட்டுப் பழக்கிவிட்டால் பின்னர் எளிது. கருவுற்ற விலங்கின் எடை பேற்றுக்கு முன் ஏறத்தாழ இரட்டிப்பாகக்கூடும். அவ்வேளையில் ஏற்படும் அச்சமும் உணவு மறுப்பும் உயிருக்கே தீங்கான நச்சேற்ற நிலைக்கு வித்திடலாம் என்பதால், கருக்காலத்தின் கடைசி வாரங்களில் நகம் வெட்டுவதை ஒத்திப்போடுவதே முறை.

குருதி கசிந்தால்

எவ்வளவு பழகியவராயினும் ஒருநாள் சதையில் வெட்டு விழக்கூடும். குருதி சொட்டுவது பார்ப்பதற்கு அச்சமூட்டுவதாக இருக்கும். இதனை எண்களால் பார்த்தால் அச்சம் குறையும். கினிப்பன்றியின் உடலில் ஒரு கிலோகிராம் எடைக்கு ஏறத்தாழ 70 மில்லிலீட்டர் குருதி உள்ளது. பத்துச் சொட்டுகள் ஏறத்தாழ அரை மில்லிலீட்டர். அதாவது மொத்தக் குருதியில் நூற்றில் ஒரு பங்கை விடவும் குறைவு. நலமான விலங்குக்கு இதனால் ஆபத்தில்லை.

தூய்மையான துணியால் நகநுனியை விடாது இரண்டு மூன்று நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைவது தடைப்படும். கால்நடை மருந்தகங்களில் கிடைக்கும் குருதி நிறுத்தும் தூளை நுனியில் ஒற்றலாம். எரிச்சல் தரும் எனினும் விரைவில் பயன் தரும். அது இல்லாதபோது சோளமாவைப் பயன்படுத்துவது வழக்கம். பின்னர் அன்றைய பொழுதுக்கு மரச்சீவலுக்குப் பதில் தூய துணி விரிப்பில் விடுவது, காயத்தில் அழுக்குச் சேராமல் காக்கும். பத்து நிமிடங்களுக்கு மேலும் கசிவு நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

கசிவு நிற்காதிருப்பது வெட்டின் ஆழத்தை மட்டும் பொறுத்ததன்று. மனிதரைப் போலவே கினிப்பன்றியாலும் விட்டமின் சி-யைத் தன் உடலில் உருவாக்கிக்கொள்ள இயலாது. நார்வே அறிவியலாளர்களான ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் ஆகியோர் 1907 இல் கினிப்பன்றிகளில் ஸ்கர்வி நோயை உண்டாக்கிக் காட்டியது இப்பண்பினாலேயே இயன்றது. அச்சத்து குறையும்போது குருதிக்குழாய்ச் சுவர்கள் வலுவிழக்கின்றன, காயங்கள் ஆறுவதில்லை, மூட்டுகளில் குருதி கசிந்து வலி உண்டாகிறது. காலைத் தொட்டாலே கீச்சிட்டு அலறும் கினிப்பன்றியை முரட்டு விலங்கு என எண்ணிவிடாமல், அதன் உணவை ஆராய வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோகிராமுக்குக் குறைந்தது 10 மில்லிகிராம் அளவு விட்டமின் சி தேவைப்படுகிறது. பொதிகளில் விற்கப்படும் குறுணை உணவில் இது சேர்க்கப்பட்டிருந்தாலும் நாளாக ஆகச் சிதைந்துவிடும். குடிநீரில் கலந்து வைப்பதும் அதே காரணத்தால் நம்பத்தக்கதன்று. நாள்தோறும் புதிய குடைமிளகாயும் பச்சை இலைகளும் தருவது எளிய வழி.

நீண்டு சுருண்ட நகங்கள்

வயது முதிர்ந்த விலங்குகளிலும், கவனிப்பின்றி விடப்பட்டு வேறு வீட்டுக்கு வந்த விலங்குகளிலும் நகங்கள் தடித்து, திருகுபோலச் சுருண்டு காணப்படும். இவற்றை ஒரேநாளில் உரிய நீளத்துக்குக் கொண்டுவர முயலுதல் கூடாது. உயிர்ச்சதை நுனிவரை நீண்டிருக்கும் என்பதே காரணம். வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் வெட்டிவந்தால் சதை படிப்படியாகப் பின்வாங்க, சில மாதங்களில் நகம் ஓரளவு ஒழுங்குக்கு வரும். நீண்ட காலம் வளைந்திருந்த விரல் முழுவதும் நேராகாமல் போவதுண்டு. நகம் ஏற்கனவே உள்ளங்காலில் குத்தியிருந்தால் அதனை வீட்டில் பிடுங்கி எடுக்கக்கூடாது. அது மருத்துவர் செய்ய வேண்டியது.

பாத அழற்சி

நகம் நீண்டால் விரல்கள் தரையில் சரியாகப் பதிவதில்லை. எடை உள்ளங்காலின் பின்பகுதிக்கு மாறுகிறது. ஒரே இடத்தில் தொடர்ந்து விழும் அழுத்தத்தால் தோல் முதலில் சிவந்து, பின் தடித்து, வெடிக்கிறது. அவ்வழியே ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற நுண்ணுயிர்கள் உட்புகுகின்றன. அழற்சி முற்றினால் தசைநாணுக்கும் எலும்புக்கும் பரவும். அந்நிலையில் மருத்துவம் பல மாதங்கள் நீடிக்கும். பல விலங்குகள் முழுமையாகக் குணமடைவதில்லை. நீண்ட நகம் மட்டுமே இதற்குக் காரணமன்று. மிகை உடல் எடை, ஈரமான படுக்கை, கம்பித் தரை, விட்டமின் சி குறைபாடு ஆகியனவும் பங்கு வகிக்கின்றன. எனினும் இவற்றுள் வளர்ப்பவரால் சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடியது நகமே. நகம் வெட்டும் ஒவ்வொரு முறையும் பாதத்தைத் திருப்பி உள்ளங்காலைப் பார்ப்பது, சிவந்த நிலையிலேயே நோயைக் கண்டறிய உதவும்.

புண்ணைக் கண்டவுடன் வீட்டிலிருக்கும் மனித மருந்துகளைக் கொடுப்பது மிகவும் ஆபத்தானது. பெனிசிலின் கினிப்பன்றிகளுக்கு நஞ்சாவது 1943 இலேயே கண்டறியப்பட்டது. பெனிசிலினும், பல வீடுகளில் மீதமிருக்கும் அமாக்சிசிலினும் இவ்விலங்கின் குடலில் உள்ள பயன்தரும் நுண்ணுயிர்களை அழித்து, நச்சு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருக வழிசெய்கின்றன. சில நாட்களில் விலங்கு இறந்துவிடக்கூடும். காலில் தடவும் களிம்பாயினும் விலங்கு அதனை நக்கி விழுங்கிவிடும் என்பதால் மருத்துவரைக் கேளாமல் பூசக்கூடாது. சிறு புண்ணோடு வந்த விலங்கு மருந்தினால் மடிவது தவிர்க்கக்கூடிய இழப்பு.

பாதத் தடிப்பு

சில கினிப்பன்றிகளின் முன்கால் பாதத்தின் ஓரத்தில் நகம் போன்ற ஒரு சிறு நீட்சி வளர்வதுண்டு. இது நகம் அன்று. தோல் தடித்து உண்டாகும் காய்ப்பு. வலி தருவதும் இல்லை. நீளமாக வளர்ந்தால் எதிலேனும் சிக்கிக் கிழியக்கூடும் என்பதால், பாதத்தோடு ஒட்டாமல் சிறிது விட்டு நகவெட்டியால் நீக்கலாம். சிவப்பும் வீக்கமும் சேர்ந்திருந்தால் அது காய்ப்பு அன்று, பாத அழற்சியாக இருக்கக்கூடும்.

பிற கொறிணிகள்

ஹாம்ஸ்டர், ஜெர்பில், எலி, சுண்டெலி ஆகியவை இயல்பாகவே ஏறியும் தோண்டியும் வாழ்வதால் இளமையில் இவற்றுக்கு நகம் வெட்டத் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. ஓட்டம் குறைந்த முதிய ஹாம்ஸ்டர்களின் நகம் மட்டும் சுருளக்கூடும். அந்நகம் மிகச் சிறியது என்பதால் அதனை மருத்துவரிடம் விடுவது மேல். சின்சில்லாவின் நகங்கள் குட்டையாகவும் மழுங்கலாகவும் இருப்பவை. பொதுவாக வெட்டத் தேவையில்லை.